பதினெட்டு நிமிஷம்

துக்கம் கேட்க முதல் ஆள் வந்து கதவைத் தட்டுவதற்குள், அம்மா ஏர் ஃப்ரையரைக் கழுவித் துடைத்து அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டாள். தெர்மாகோல் துண்டுகள் இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று அழுத்திப் பார்த்தாள். மேலே டேப் ஒட்டினாள். அப்பா போய் ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது.

"அதை எதுக்கும்மா இப்ப?" என்றாள் யுன்ஷூ.

"கட்டிலுக்கு அடியில தள்ளு. என்னால குனிய முடியலை."

யுன்ஷூ தள்ளினாள். அம்மாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் பிடிக்கவில்லை. அதைத் தெருவில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது.

யுன்ஷூ லுவான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. முப்பத்து நான்கு வயது, தெற்கே சூஜோவில் வேலை. இரண்டு வருஷம் கழித்து, ஆகஸ்டில் ஏழு நாள் லீவு போட்டு, இந்த நிலக்கரி ஊருக்கு வந்தாள். அப்பா பாவ்ஷானுக்கு இதயம் பலவீனம். கால் வீங்கும், காலையில் நாலு மாத்திரை. எண்ணெயைக் குறையுங்கள் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டாலும், அம்மா குய்லான் பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் வதக்கி, உருளைக்கிழங்கும் போட்டு, ஒரு மணி நேரம் குழையக் குழைய வேகவைத்தால்தான் அது சாப்பாடு என்பாள். அதனால்தான் அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள் யுன்ஷூ. "ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும்பா, பாருங்க" என்று வந்த மறுநாளே மத்தியானச் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கினாள். பீன்ஸின் இரண்டு முனையையும் கிள்ளி நாரை உரித்தாள். உப்பு, தட்டிய பூண்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய், ஒரு பிரட்டு. இருநூறு டிகிரி, பதினெட்டு நிமிஷம். பீன்ஸ் மட்டும் பாதியில் சேர வேண்டும். சூஜோவில் வாரத்துக்கு மூன்று நாள் அவளுக்கு இதுதான் ராத்திரிச் சாப்பாடு.

வேகாத பீன்ஸ் விஷம் என்று அந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். யுன்ஷூவுக்குத் தெரியாதா என்ன? ஆனால் சூஜோவில் அவள் வாங்குவது பென்சில் மாதிரி மெல்லிசான பீன்ஸ். இந்த ஊரில் விளைவது கட்டைவிரல் அகலம், தடித்த தோல், உள்ளே முற்றிய கொட்டை. பதினாறு வருஷம் வெளியூர்ச் சோறு தின்றவளுக்குச் சொந்த ஊர் பீன்ஸ் மறந்து போயிருந்தது. எடுத்தபோது பச்சைப்பசேலென்று, ஓரம் மட்டும் லேசாகக் கருகி, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அம்மா ஒன்றைக் கடித்தாள். கடித்ததை மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"நறுக்குன்னு இருக்கு. பச்சை வாடை அடிக்குது. இன்னும் வேகணும்."

"எல்லாத்தையும் கூழாக்கித்தான் திங்கணுமாம்மா? நான் ரெண்டு வருஷமா இதைத்தான் திங்கிறேன், செத்தா போயிட்டேன்?"

"என்னமோ. எனக்கு வேணாம்."

யுன்ஷூவுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்பா அதைப் பார்த்தார். சாப்ஸ்டிக்கை எடுத்து ஒரு பீன்ஸை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"உங்கம்மா முப்பத்தெட்டு வருஷமா பல்லில்லாதவனுக்குச் சமைக்கிற மாதிரியே சமைச்சுப் பழகிட்டா. எனக்குப் பல்லு இருக்குன்னு இன்னிக்குத்தான் ஞாபகம் வருது" என்றார். தன் பங்கைத் தின்றார். பிறகு அம்மாவின் பங்கையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு வாந்தி தொடங்கியது. யுன்ஷூவும் ஒரு தடவை எடுத்தாள். அவள் தின்றதெல்லாம் பெரும்பாலும் கிழங்கு. அப்பாவுக்கு நிற்கவே இல்லை. ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. இருட்டுவதற்கு முன்னால் எல்லாம் முடிந்துபோயிற்று. இந்த வாந்தியை இதயம் தாங்கவில்லை என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். யுன்ஷூ வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"பீன்ஸ். நான் சமைச்சது."

பதற்றத்தில் வாய் தவறியிருக்கும் என்றுதான் அப்போது நினைத்தாள்.

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கீழே, கட்டட வாசலில் போட்டிருந்த பந்தலில் அப்பாவின் படத்துக்கு ஊதுபத்தி காட்டுவார்கள், செத்தவர் செலவுக்கென்று சட்டியில் நாலு காகிதக்காசு எரிப்பார்கள், மாடியேறி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "எப்படிப் போனாரு?" முதல் நாள் அம்மா இரண்டு வாக்கியம் சொன்னாள். இரண்டாம் நாள் அதற்குக் கண் காது மூக்கு எல்லாம் முளைத்திருந்தது. சந்தையில் காலையில் வாங்கினாளாம். கேஸ் தீர்ந்துவிடுமோ என்று சீக்கிரம் இறக்கிவிட்டாளாம். மகள் ஊரிலிருந்து வந்த சந்தோஷத்தில் மூடியைத் திறந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லையாம். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த யுன்ஷூவுக்கு அந்த அடுப்பும் சட்டியும் கண்ணில் தெரிய ஆரம்பித்தன. அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, உள்ளே எங்கோ ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. அதை நினைத்துத்தான் அவளுக்குத் தன்மேலேயே காறித்துப்பத் தோன்றியது.

அப்பாவின் அக்கா, யுன்ஷூவின் பெரியத்தை, ரயிலில் வந்து இறங்கினாள். எழுபது வயது, வாள் மாதிரி வாய். தம்பியின் படத்தின் முன்னால் அழுது முடித்துவிட்டு மேலே வந்தாள். அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"நாப்பது வருஷம் அடுப்படியில நின்னவளுக்குப் பீன்ஸ் வெந்துச்சா வேகலையான்னு தெரியாதா குய்லான்?"

"கைதவறிடுச்சு அண்ணி."

"கைதவறி உப்புப் போடலாம். தட்டு உடைக்கலாம். என் தம்பியை இல்ல அனுப்பிட்ட."

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு முழங்காலில் இல்லாத தூசியைத் தட்டினாள். யுன்ஷூவின் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவை அடுப்புப் பக்கம் யாரும் விடவில்லை. "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள் எதிர்வீட்டுப் பெண்கள். எல்லாச் சாவு வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். ஆனால் அம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால்கூட வாங்கிக் கீழே வைத்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மூன்றாம் நாள் காலை எடுத்தார்கள். மகன் இல்லாத வீடு. காகிதம் எரித்த மண்சட்டியை யுன்ஷூதான் தலைக்குமேல் தூக்கிப் போட்டு உடைத்தாள். ஒரே போடில் உடைய வேண்டும். உடைந்தது. "நல்ல பொண்ணு, அப்பனுக்கு வழி விட்டுட்டா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தை அவளைப் போட்டு அறுத்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியத்தை மட்டும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். யுன்ஷூ அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அன்னிக்கு அம்மா சமைக்கலை. நான்தான் சமைச்சேன்."

பெரியத்தை அவளையே பார்த்தாள்.

"நான் கொண்டுவந்த மெஷின்ல வச்சேன். பதினெட்டு நிமிஷம். அம்மா வேகலைன்னு சொன்னாங்க, நான்தான் கேக்கலை. அம்மா ஒரு வாய்கூடத் திங்கலை."

"நீ சமைச்ச?" பெரியத்தைக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சாவு வீடு என்று அடக்கிக்கொண்டாள். "உனக்கு முட்டை அவிக்கத் தெரியுமாடி?"

"நிஜமா அத்தை."

"மெஷினாம். அந்தப் பெட்டியை உங்கம்மா எனக்குக் காட்டினா. புள்ள ஆசையா வாங்கிட்டு வந்தா, பிரிக்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கலைன்னு அழுதா. டேப்புகூடக் கிழிக்கலை, என் கண்ணால பார்த்தேன்." பெரியத்தையின் கை யுன்ஷூவின் தலைமேல் வந்து விழுந்தது. "அதுவும் இல்லாம, நீ இப்படி வந்து சொல்லுவேன்னு உங்கம்மா நேத்தே சொல்லிட்டா. அம்மா மேல பழி விழக்கூடாதுன்னு புள்ள தன் தலையில போட்டுக்கும், நம்பாதீங்க அண்ணின்னா. என் தம்பி நல்லாத்தான் வளர்த்திருக்கான்."

யுன்ஷூ என்னென்னவோ சொன்னாள். பூண்டு எத்தனை பல் என்றுகூடச் சொன்னாள். சொல்லச் சொல்ல அத்தையின் கண்ணில் பிரியம்தான் கூடியது. கடைசியில் அழுகைதான் வந்தது. அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, "போதும்டி, போதும்" என்றாள்.

மாடியில் அம்மா தனியாக இருந்தாள். அப்பாவின் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். யுன்ஷூ அறை வாசலிலேயே நின்றாள்.

"எனக்காக எதுக்கும்மா இப்படிச் செஞ்ச? அத்தை இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டாங்க. தெரியும்ல?"

"உனக்காகன்னு யாரு சொன்னது?" அம்மா நிமிரவில்லை. "முப்பத்தெட்டு வருஷம். ஒரு வேளை தவறாம அந்த மனுஷனுக்கு நான்தான் போட்டேன். கடைசி வேளைச் சோறு மட்டும் வேற ஒருத்தி போட்டதா இருக்கணுமா?"

"வேற ஒருத்தியா? நான் உன் மகம்மா."

"மகதான். நல்லதோ கெட்டதோ, அது என் கையால போனதா இருக்கட்டும். அதையும் என்கிட்டேருந்து பிடுங்காத."

அம்மா பையின் வாயைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். உதவலாம் என்று யுன்ஷூ ஒரு அடி எடுத்து வைத்தாள். அம்மா பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. அப்பாவோடு கொதிகலன் கூடத்தில் இருபது வருஷம் கரி அள்ளிய கோங். வெளியூரில் மகன் வீட்டோடு இருந்தவர், சேதி தாமதமாகக் கிடைத்து இப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படிம்மா போனான்? கீழ ஏதோ பீன்ஸ்ங்கறாங்க. எனக்கு நம்பவே முடியலை."

அம்மா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எங்க கேண்டீன்ல ஒரு தடவை வேகாத பீன்ஸைப் போட்டு நாப்பது பேரு படுத்துட்டோம். பாவ்ஷான்தான் எங்களை எல்லாம் வண்டியில ஏத்தினான். அதுக்கப்புறம் அவன் பீன்ஸை ஒண்ணொண்ணா நசுக்கிப் பார்த்துத்தான் வாயில வைப்பான். நாங்க எவ்வளவு கேலி பண்ணியிருப்போம். லேசா நறுக்குன்னாக்கூடத் துப்பிருவான், யாரு கொடுத்தாலும்." கோங் அம்மாவைப் பார்த்தார். பிறகு யுன்ஷூவைப் பார்த்தார். "அவன் அதைத் தெரியாம தின்னுருக்க மாட்டானே. அன்னிக்கு யாரும்மா சமைச்சது?"

அம்மா வாயைத் திறந்தாள். மூன்று நாளாக யார் கேட்டாலும் தடங்கலில்லாமல் சொன்னவள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

கோங் காத்துக்கொண்டு நின்றார்.

"அம்மாதான்" என்றாள் யுன்ஷூ. "சந்தையில வாங்கிட்டு வந்தாங்க. கேஸ் தீர்ந்துருமோன்னு சீக்கிரம் இறக்கிட்டாங்க."

கோங் ஷூவைக் கழற்றி வீட்டுச்செருப்பு மாட்டக் குனிந்தார். யுன்ஷூ போய் அவருக்கு டீக்குத் தண்ணீர் வைத்தாள்.