சலோமியின் சாவு

கிருபாபாய் கணக்கு டீச்சராக ஜாம்பியாவுக்குப் போனவள். கிட்வே என்கிற செப்புச் சுரங்க ஊரில் அவளும் கணவர் சமுத்திரமும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். பகலெல்லாம் அல்ஜீப்ரா. சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அதே மேசையில் ராஜபாளையத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிடுவாள். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் வருஷக்கணக்காக எழுதிய அவளுடைய முதல் நாவல் 1990-இல் மெட்ராஸில் அச்சாகி வந்தது.

படித்தவர்கள் எல்லாரும் பேசியது அதில் வரும் சலோமியின் சாவைப் பற்றித்தான். வேறு மதத்து மில் தொழிலாளியோடு ஓடிப்போன கிறிஸ்தவப் பெண் சலோமி. மருந்து வாங்க வைத்திருந்ததையும் புருஷன் குடித்துத் தீர்க்க, டைபாய்டு காய்ச்சலில் ஓர் ஓலைக் கொட்டகையில் கிடந்து செத்துப்போவாள். அந்த அத்தியாயத்துக்காகவே இரண்டு பரிசுகள் கிடைத்தன.

அது நடந்த கதை என்றுதான் கிருபாபாய் நம்பியிருந்தாள். சலோமி வேறு யாருமில்லை, அப்பா ஐயாதுரையின் தங்கை பரிபூரணம். சின்ன வயதில் கிருபாபாய்க்குத் தலை வாரிப் பின்னிவிட்ட அத்தை. ஓடிப்போன மறு வருஷமே டைபாய்டில் செத்துப்போனாள், புருஷன் குடிகாரன் என்று அப்பா சொல்லியிருந்தார். அதோடு அவர்கள் வீட்டில் ஒரு வழக்கமும் இருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் குடும்பம் மொத்தமும் ஒரே வீட்டில் கூடும். பந்திக்கு முன்னால் மூத்த ஆண்பிள்ளை ஜெபம் பண்ணுவார். கர்த்தருக்குள் நித்திரையடைந்த குடும்பத்தார் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்திய பிறகுதான் இலையில் கை வைப்பார்கள். அந்தப் பெயர்களில் பரிபூரணமும் உண்டு. அந்தப் பெயர் வரும்போதெல்லாம் சிறுமி கிருபாபாய் தன் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

1992 டிசம்பரில் அவள் தனியாக ஊருக்கு வந்தாள். இரண்டாவது நாவல் பாதியில் நின்றுபோயிருந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருந்த அண்ணன் தங்கச்சாமியின் வீட்டு மாடியில் உட்கார்ந்து அதை முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்கள் சிலர் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். சால்வை போட்டார்கள். சலோமி செத்த கட்டத்தை ஒரு கல்லூரி மாணவி குரல் நடுங்க வாசித்தாள். கேள்வி கேட்கலாம் என்றதும் கடைசி வரிசையிலிருந்து வயதான ஓர் அம்மாள் எழுந்தாள்.

"சலோமி செத்துட்டான்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

எழுத்தாளரை 'நீ' என்கிறாளே என்று முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கிருபாபாய் பொறுமையாக, அது தன் அத்தையின் கதை, அப்பா சொன்னது என்றாள். அத்தையின் பெயர் என்ன என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டாள். பரிபூரணம் என்றாள் கிருபாபாய்.

"அது நாந்தான். ஐயாதுரை தங்கச்சி. நல்லாத்தான் இருக்கேன், பாத்துக்கோ."

யாரோ கிறுக்கி என்று ஒருவர் எழுந்து அவளை வெளியே அழைத்துப்போகப் பார்த்தார். கிருபாபாய் மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். கிட்டத்தில் பார்த்ததும் சந்தேகம் இருக்கவில்லை. அப்பாவின் அதே அகன்ற தாடை, கோபம் வந்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் அதே உதடு.

திருமுக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பரிபூரணத்தின் வீடு. ஓடிப்போனதும் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் மில்லில் வேலை பார்த்தார்கள். பிறகு கணவர் மாரிசாமிக்கு ஆலங்குளம் சிமென்ட் ஆலையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. பல வருஷம் அங்கேயே இருந்து, அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் இங்கே குடிவந்தார்கள். பரிபூரணம் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். மகள் இருளம்மாள் நூலகத்திலிருந்து அந்த நாவலை எடுத்துவந்து படித்திருக்கிறாள். ஊர், தெரு, அம்மாவின் அண்ணன் நடத்திய கடை எல்லாம் அப்படியே இருந்ததால் யார் கதை என்று தெரிந்துவிட்டது. அப்பா அப்போது குடிப்பாரா என்று அம்மாவிடம் கேட்டு அழுதிருக்கிறாள்.

பரிபூரணம் இதையெல்லாம் உட்காரச் சொல்லாமலே சொன்னாள். மாரிசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காரு தாயி" என்றார். ஒல்லியான மனிதர். அவர் முகத்தைப் பார்க்கக் கிருபாபாயால் முடியவில்லை.

"எங்க அண்ணன் என்னை வீட்டோட கொன்னான். அது எனக்குத் தெரியும், நான் அதுக்கு அழுது முடிச்சிட்டேன்" என்றாள் பரிபூரணம். "நீ ஊர் ஊராக் கொன்னுட்டு வார. அதுகூடப் போகட்டும். அவியளைக் குடிகாரன்னு எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு? ஒரு சொட்டு தொட்டதில்ல. எனக்கு டைபாய்டு வந்தது நெசம்தான். ராத்திரியும் பகலும் பக்கத்துல இருந்து பொழைக்க வச்சது அவிய."

அப்பா அப்படித்தான் சொன்னார் என்று கிருபாபாய் முனகினாள். விசாரித்தாயா என்று அத்தை கேட்டாள். இல்லை என்று அவள் தலையாட்டினாள்.

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் அவள் அந்த அத்தியாயத்தையே மனதுக்குள் திரும்பத் திரும்பப் படித்தாள். முதலில் தன்மேல்தான் கோபம். வீடு வந்து சேர்வதற்குள் அது அண்ணன் பக்கம் திரும்பியிருந்தது. காரணம், அந்த நாவலின் கையெழுத்துப் பிரதியை அவள் முதலில் அனுப்பியது தங்கச்சாமிக்குத்தான். அவர்தான் படித்துத் திருத்தி மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். புத்தகம் வந்ததும் கட்டுக்கட்டாக வாங்கிச் சபையார் எல்லாருக்கும் கொடுத்தவரும் அவர்தான். தங்கைமேல் எவ்வளவு பாசம் என்று அப்போது அவள் பூரித்துப்போயிருந்தாள்.

அத்தை இருப்பது தெரியுமா என்று கேட்டாள். தங்கச்சாமி மறைக்கவில்லை. தனக்குக் கல்யாணமான புதிதிலேயே அப்பா சொல்லிவிட்டார் என்றார்.

"மில் சங்கு ஊதுற நேரம் தப்புன்னு திருத்துனீங்களே அண்ணே. ஒரு மனுஷி உசுரோட இருக்கா, அவ செத்ததாட்டு எழுதுனதத் திருத்தணும்னு தோணலையா?"

"கதைதானே கிருபா" என்றார் அவர். ஜெபத்தில் இத்தனை வருஷம் சொல்லிவந்த பெயரைத் திடீரென்று விட்டால் பிள்ளைகள் கேட்பார்கள், சம்பந்திகள் கேட்பார்கள், இப்போது புத்தகமே வந்துவிட்டதால் இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நிதானமாக விளக்கினார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர்கள் சொன்ன பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது தன் நாவல்தான். இந்தத் தடவை அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்றாள். பார்க்கலாம் என்றார் அண்ணன்.

கிறிஸ்துமஸ் அன்று கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அடுப்படியிலிருந்து கறி வாசனை வந்தது. தங்கச்சாமி கண்ணை மூடிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா பெயர், அம்மா பெயர். பிறகு கொஞ்சமும் தயங்காமல் பரிபூரணம் என்றார்.

"அத்தை சாகல" என்றாள் கிருபாபாய். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்காவ. நேத்தும் போய்ப் பாத்துட்டு வந்தேன். மனுஷங்ககிட்டதான் பொய் சொல்றிய, கர்த்தர்கிட்டயுமா?"

பெரியவர்கள் பதறுவார்கள், அழுவார்கள், உண்மையா என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். சின்னப்பிள்ளைகள் மட்டும்தான் கண்ணைத் திறந்தார்கள். பெரியவர்கள் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. அம்மாவின் தங்கையான சின்னம்மை மட்டும் கும்பிட்ட கையை எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள்:

"அது எங்களுக்குத் தெரியும் கிருபா. ஜெபத்தை முடிக்க விடு. பிள்ளைக பசியா இருக்கு."

தங்கச்சாமி அடுத்த பெயரைச் சொன்னார்.

கிருபாபாய் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். தெருவெல்லாம் புதுச்சட்டைப் பிள்ளைகள். ஒரு கூடம் நிறைய ஆட்கள் ஒருத்தியை வருஷாவருஷம் கண்ணை மூடிக்கொண்டு கொன்றிருக்கிறார்கள், கொன்ற கையோடு சாப்பிட்டிருக்கிறார்கள், தானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

நடந்ததைக் கேட்டுப் பரிபூரணம் ஆச்சரியப்படவில்லை. "அந்த வீட்டு ஜெபத்துல நான் இருந்தா என்ன, செத்தா என்ன. எனக்காக அங்க போய்ச் சண்டை போடாத. நீ எழுதுனதைச் சரி பண்ணு. அவிய பேருல இருக்க அழுக்கத் தொடை" என்றாள்.

கிருபாபாய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பதிப்பாளரைக் கூப்பிட்டாள். மூன்றாம் பதிப்புக்கு எல்லாம் தயாராக இருந்தது. சலோமி சாகும் அத்தியாயத்தை மாற்ற வேண்டும் என்றாள். சலோமி பிழைத்தால் நாவல் செத்துப்போகும் என்று அவர் சிரித்தார். அப்படியானால் அச்சடிக்கவே வேண்டாம் என்றாள். அவர் கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார். அவள் இறங்கிவரவில்லை. தன் நாவலில் வரும் புருஷனைப் பற்றி எழுதியது நிஜமான ஒரு மனிதர்மேல் தான் சுமத்திய பொய் என்று ஒரு பத்திரிகையில் அறிவிப்பும் போட்டாள். நாவலுக்கு விளக்கம் சொல்லும் எழுத்தாளர் உண்டா என்று இரண்டு விமர்சகர்கள் அவளைக் கேலி செய்தார்கள். பரிசு கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு அவளை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

கிட்வேக்குத் திரும்பியதும் பாதியில் நின்ற நாவலைத் தூக்கிப் போட்டாள். அத்தையின் உண்மைக் கதையை எழுத ஆசைதான். ஆனால் அவளை வழியனுப்பும்போது பரிபூரணம், "என்னை எழுதாத. நான் வாழ்ந்தது எனக்கு. அவங்களை எழுது" என்று சொல்லிவிட்டாள். ஆகவே அவர்களை எழுதினாள். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்காக மனம் உருகி ஜெபம் பண்ணும் ஒரு குடும்பம். அந்தப் பெண் கதையில் ஓர் இடத்தில்கூட வரமாட்டாள். எழுதுவது முன்னைப்போல் ஓடவில்லை. கோபத்தில் கை முந்திக்கொள்ளும், மறுநாள் படித்தால் வசவாக இருக்கும், கிழித்துப் போடுவாள். தப்பாக எழுதிவிடக்கூடாது என்ற பயத்தில் சின்னம்மையின் ஒரு வாக்கியத்துக்கே மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். சமுத்திரம், அண்ணனை மன்னித்துவிட்டால் எழுத லேசாக இருக்குமே என்றார். மன்னிக்கச் சொல்லி யார் கேட்டார்கள் என்று அவர்மேலும் பாய்ந்தாள்.

1997-இல் அந்த நாவல் வேறொரு பதிப்பகத்தில் வந்தது. தங்கச்சாமி பேச்சுவார்த்தையை நிறுத்தினார். ஊரில் யாரும் அந்தப் புத்தகத்தைச் சபையில் வைத்துப் படிக்கக்கூடாது என்று சொன்னாராம்.

அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது அவள் நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். இருளம்மாள் புத்தகத்தை வாசிக்க, மாரிசாமி முழுவதையும் உட்கார்ந்து கேட்டிருந்தார். எப்படி இருந்தது என்று கிருபாபாய் பயந்துகொண்டே கேட்டாள்.

அவர் யோசித்துவிட்டு, "உங்க ஆளுக எல்லாரும் வாராக. என்னையத்தான் எங்கயும் காணோம்" என்றார்.

"காணாம இருக்கதுதான் நல்லது" என்ற பரிபூரணம், மூன்று தட்டுகளை எடுத்து வைத்து, சோறு ஆறுகிறது, வந்து உட்காருங்கள் என்று இரண்டு பேரையும் அதட்டினாள்.