கலத்துக்குள் மூச்சு

பயம் என்பது அளவெடுக்கத் தெரியாதவர்களுக்கு வரும் நோய் என்றும், மனித குலத்தில் அதிலிருந்து முழுசாகக் குணமான முதல் ஆள் தான்தான் என்றும் டெல்ஃபின் காலையில் அறிவித்தான். வாய் நிறைய ரொட்டி இருந்ததால் அறிவிப்போடு கொஞ்சம் தூளும் பறந்தது. கேட்டுக்கொண்டிருந்தது ஆய்வுக்கூட உதவியாளர் லூசிங் மட்டும்தான். மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் ஆத்தே, அந்த ஊர்ப் பேச்சில் அக்கா.

"அப்போ வர்ற புயலுக்கும் பயமில்லையா, டாக்டர்?" என்றாள். அவன் இன்னும் டாக்டர் பட்டம் வாங்கவில்லை.

"புயல்னா காத்தழுத்த வித்தியாசம், ஆத்தே. வித்தியாசத்துக்கெல்லாம் யாராவது பயப்படுவாங்களா?"

மூலையில் கண்ணாடிக் கலம் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அவன் தின்ற ரொட்டியை உப்ப வைத்த அதே ஈஸ்ட்தான் அதற்குள்ளும். ஆனால் இவை சேர்ந்து மூச்சுவிட்டன. கோடானுகோடி செல்களும் ஒரே சமயத்தில் ஆக்சிஜனை இழுக்கும். திரையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு சரியும். பிறகு எல்லாம் ஒன்றாக நிறுத்தும், அழுகிய முட்டை வாடை லேசாக வீசும், கோடு ஏறும். மூளையே இல்லாத கூட்டம், யாரும் தாளம் போடாமலே இப்படி.

போன முறை இந்த அலையைப் பார்த்த தேர்வுக் குழு, "தம்பி, உன் மானி பழுது" என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை நேரிலேயே பார்க்க வருகிறார்கள். அன்று கலம் மூச்சுவிட்டால் டெல்ஃபின் டாக்டர். விடாவிட்டால் இனி அவகாசம் கிடையாது. ஆறு வருஷத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான்.

சோதனைக்கு மாதிரி எடுக்க ஆத்தே லூசிங் கலத்தருகே குனிந்தாள். "பெரியவரே, கொஞ்சம் வழி விடுங்க," என்று முணுமுணுத்தாள். மக்கிலிங் மலைக்காட்டில் புற்றைத் தாண்டுகிறவர்கள், அடியில் குடியிருப்பதாக நம்பும் குட்டி ஆவிக் கிழவரிடம் கேட்கிற அனுமதி அது.

"ஆத்தே, அது புத்து இல்ல. பூஞ்சை. ரொட்டிக் கடையில பொட்டலம் போட்டு விக்கிறான்."

"கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேரு உள்ள இருக்காங்க, ஒண்ணா மூச்சு விடுறாங்கன்னு நீதானே சொன்னே? ஒரு வார்த்தை மரியாதையா சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

டெல்ஃபின் இடுப்பு வரை வளைந்து கும்பிட்டான். "பெரியவரே, வழியெல்லாம் விட வேணாம். நான் மிதிச்சுக்கிட்டே போயிக்கிறேன்." கண்ணாடியில் விரலால் ஒரு சுண்டு சுண்டினான்.

அவள் சிரிக்கவில்லை. "எங்க சித்தப்பா இப்படித்தான் புத்து மேல ஒண்ணுக்கு அடிச்சுட்டுச் சிரிச்சாரு. அதுக்கப்புறம் அவரு சிரிச்சா பாதி மூஞ்சிதான் சிரிக்கும்."

மதியம் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். கூரைத் தகரத்தைக் கட்டிப்போட ஆத்தே வீட்டுக்கு ஓடினாள். டெல்ஃபின் மட்டும் கலத்துக்குக் காவல் இருந்தான். வானம் சாயங்காலம் போல இருண்டது. மலையிலிருந்து இறங்கிய காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. பிறகு மின்சாரம் போனது.

காற்றுப் பம்பு நின்றது. கலக்கும் தகடு இரண்டு சுற்று முனகி ஓய்ந்தது. குமிழ்கள் அடங்கின. அந்த அமைதியில்தான் ஒன்று உறைத்தது: இத்தனை நேரமும் அவன் பம்பின் கதிக்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அது நின்றதும் இவனுக்கும் நெஞ்சில் அடைத்தது. அளவெடுக்கக்கூடிய விஷயம்தானே என்று நாடியைப் பிடித்தான். எண்ணிக்கை பாதியில் நழுவியது. இருட்டில் கலம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது, தன்னைப் பார்ப்பது போல. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் இருந்தன.

ஜெனரேட்டர் உறுமி எழுந்தபோது பாய்ந்துபோய்த் திரையைப் பார்த்தான். கோடு இருந்தது. அலை இல்லை. பம்பு ஓடியது, உணவு சொட்டியது, கோடு மட்டும் தரையில் கிடத்திய பிணம் போல நீட்டிப் படுத்திருந்தது. பட்டினி கிடந்த ஈஸ்டுக்கு மறுபடி உணவு கிடைத்தால் தாளம் திரும்பும் என்று ஆய்வேட்டில் அவனே எழுதியிருந்தான். அந்தப் பத்தியைக் கலத்துக்கு முன் நின்று சத்தமாக ஒப்பித்தான். கோடு கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு தூக்குக் கஞ்சியோடு, தொப்பலாக நனைந்து ஆத்தே திரும்பி வந்தாள். "மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு?"

"எப்படி? ஒரு பக்கமாவா?"

"ரெண்டு பக்கமும்தான். இதைக் குடி முதல்ல."

கஞ்சி தூக்கிலேயே ஆறியது. இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஏதோ மரம் முறிந்து விழுந்தது. அப்போது மூக்குக்கு முதலில் தெரிந்தது: அழுகிய முட்டை. டெல்ஃபின் வாழ்க்கையில் அவ்வளவு இனிய நாற்றத்தை முகர்ந்ததில்லை. கோடு தயங்கி, தலை தூக்கி, ஏறியது.

"பெரியவர் ஏப்பம் விட்டுட்டாரு," என்றாள் ஆத்தே.

"பட்டினி போட்டுச் சோறு போட்டா ஒண்ணு சேரும். நாலாம் அத்தியாயத்துல எழுதியிருக்கேன்," என்றான். திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. ஜன்னலில் காற்று விட்டபாடில்லை.

மாதிரி எடுக்க வேண்டும். ஆத்தே அந்தப் பக்கம் திரும்பித் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் கலத்தின் முன் போய் நின்றான். கண்ணாடியைத் தொடவில்லை. முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ் வரை ஏற்றிக்கொண்டான்.

"பெரியவரே," என்றது முகக்கவசம், "கொஞ்சம் வழி விடுங்க."