வலப்பக்கம் என்று சொன்ன அசரீரி

ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்திருந்த பெயர் அசரீரி. கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத இருட்டறையில் உட்கார்ந்து, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர் அவர். நோயாளிகள் அவரைப் பார்த்ததில்லை, அவரும் நோயாளிகளைப் பார்த்ததில்லை. வார்டில் போன் அடிக்கும். எடுத்தால் ஒரு கனத்த குரல், "இடது நுரையீரல்ல கீழ்ப்பக்கம் சளி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அடங்கிவிடும். பெயர் வைத்தது யாரென்று அவர் விசாரித்ததில்லை. உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது. அசரீரி என்றால் சும்மாவா?

அசரீரிக்கு ஒரு கொள்கை உண்டு. நோயாளியின் பெயர், வயது, கதை எதுவும் காதில் விழக்கூடாது. படம் மட்டும் பேச வேண்டும். அதற்காகத் திரையின் மேல் மூலையில் மஞ்சள் காகிதம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். பெயர், எது இடம் எது வலம் என்று காட்டும் எழுத்து, நோயாளி எப்படிப் படுத்திருந்தார் என்ற குறிப்பு எல்லாம் அந்த மூலையில்தான் வரும். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகே காகிதத்தைத் தூக்கிப் பார்ப்பார். "பேரைப் பாத்துட்டுப் படம் பாக்கறவன் ஜோசியக்காரன்" என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இந்த ஜம்பம் செல்லாது. வீடு மாறியபோது பீரோவை மாடிக்கு ஏற்றினார்கள். மனைவியின் தம்பி கீழேயிருந்து முட்டுக்கொடுக்க, இவர் மேல்படியில் அவனைப் பார்த்து நின்றுகொண்டு வழிகாட்டினார். "வலப்பக்கம் தள்ளு! வலப்பக்கம்டா!" எதிரெதிரே நிற்கும்போது தன் வலப்பக்கம் அவனுக்கு இடப்பக்கம் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. இவர் சொன்னபடியே அவன் தன் வலப்பக்கம் தள்ளினான். பீரோ அவன் கால் கட்டைவிரலில் இறங்கியது. நகம் போனது போனதுதான், திரும்ப முளைக்கவில்லை. எந்த விருந்தாளி வந்தாலும் மனைவி அந்த விரலைக் காட்டிக் கதை சொல்லாமல் காபி கொடுத்ததில்லை.

அந்த மச்சினனுக்குத்தான் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நெஞ்சுச் சளியானது, சளி மூச்சுத்திணறலானது. ஆம்புலன்ஸில் கொண்டுவந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். எக்ஸ்ரே வந்தபோது வழக்கம்போல் மூலை மூடியிருந்தது. இரண்டு நுரையீரலும் வெள்ளை வெளேரென்று, பஞ்சு அடைத்த மாதிரி இருந்தன. அந்தப் பிரிவின் தலைமை டாக்டரம்மாவை எல்லோரும் மூச்சு டாக்டர் என்பார்கள். அவர் போனில் கேட்டார்.

"இது இதயம் பழுதாகித் தேங்குன நீரா சார்?"

"இல்ல டாக்டர். இதயத்தோட அளவு சரியா இருக்கு. நுரையீரலே அழற்சியில ஊறிப் போயிருக்கு. இது ஏ.ஆர்.டி.எஸ்.தான். இதயத்தையும் ஒரு ஸ்கேன் பண்ணி உறுதி பண்ணிக்கங்க."

ஸ்கேனும் அதையே சொன்னது. அப்புறம் காகிதத்தைத் தூக்கினார். மச்சினன் பெயர். காகிதத்தை மறுபடி மூடித் தூக்கிப் பார்த்தார், அதே பெயர்தான். ஆனாலும், அவர் புத்தியைச் சொல்ல வேண்டும், அந்தக் கலக்கத்துக்கு நடுவிலேயும் 'சரியாச் சொல்லிட்டோம்ல' என்று ஒரு சின்னக் குரல் உள்ளே மார்தட்டிக்கொண்டது.

மனைவி கீழ்த்தளத்தில் அவர் அறைக்கு வெளியே வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தாங்க. நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் இருக்கேன்ல" என்றார். வாய்தானே, அது எதைத்தான் சொல்லாது?

மச்சினனின் தொண்டையில் குழாய் போட்டு மிஷினில் மூச்சு கொடுத்தார்கள். ஊறிய நுரையீரல் விறைத்துப்போயிருக்கும், பலமாக ஊதினால் கிழியும். அதனால் சின்னச் சின்ன மூச்சாக ஊதினார்கள். அப்படியும் ஆக்சிஜன் ஏறவில்லை. மார்பு ஸ்கேனைப் பார்த்துவிட்டு அசரீரி யோசனை சொன்னார். "முன்பக்கம் நல்லா இருக்கு. முதுகுப் பக்கம்தான் கனத்துப் போய் மூடிக் கிடக்கு. குப்புறப் போட்டுப் பாருங்க, பின்பக்கம் திறக்கும்."

மூச்சு டாக்டரும் அதையேதான் நினைத்திருந்தார். குப்புறப் போட்டார்கள், ஆக்சிஜன் ஏறியது. அன்று மாலை கேன்டீனில் காபி ஆற்றிக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் போய், "குப்புறப் போடச் சொன்னது யாரு தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அசரீரி. மனிதனுக்கு வெட்கம் வேண்டாமா என்றால், அதெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் காலை வேலை தலைக்கு மேல் கிடந்தது. போன் அடித்தது. மூச்சு டாக்டரின் குரலில் பதற்றம்.

"சார், இப்ப ஒரு படம் அனுப்பியிருக்கேன். ஆக்சிஜன் மடமடன்னு இறங்குது. காத்து கசிஞ்சிருக்குமோன்னு பயமா இருக்கு. இது உங்க..."

"கதை வேண்டாம் டாக்டர்! படம் பாத்துச் சொல்றேன்."

பார்த்தார். நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே, ஓரமாக, கறுப்பாக ஒரு பிறை. காற்று கசிந்திருந்தது. நுரையீரலை அது அமுக்குகிறது. உடனே குழாய் போட்டுக் காற்றை வெளியே எடுக்காவிட்டால் ஆள் போய்விடும்.

"வலப்பக்கம்! காத்து வலப்பக்கம். குழாய் போடுங்க."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அசரீரி நாற்காலியில் சாய்ந்து படத்தை மறுபடி பார்த்தார். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. இதயம் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை! வலது பக்கம் திரும்பி இருக்கிறது. பிறவியிலேயே இதயம் இடம் மாறிய ஆள்! பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் இப்படி அமையும். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மருத்துவ இதழுக்கு ஒரு கட்டுரை எழுதலாம். மாநாட்டில் படிக்கலாம். கைதட்டல் வரை போய்விட்டார். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று ஒரு பெருமூச்சையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். கட்டுரைக்கு நோயாளியின் விவரம் வேண்டுமே என்று மஞ்சள் காகிதத்தைத் தூக்கினார்.

மச்சினன் பெயர். பக்கத்தில் ஒரு சொல்: குப்புற.

இதயம் எங்கேயும் இடம் மாறவில்லை. குப்புறக் கிடப்பவரை எடுத்த படம், திருப்பிப் போடாவிட்டால், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித்தான் நிற்கும். முதல் வருஷ மாணவனுக்குப் பாடம் எடுக்கும்போது இவரே சொல்வது. காற்று இருந்தது இடப்பக்கம். வலப்பக்கம் குழாய் போட்டால் மிச்சமிருக்கும் நுரையீரலும் போய்விடும். குப்புறப் போடச் சொன்னது யார் தெரியுமா? தெரியும், இந்த மடையன்தான்.

போனை எடுத்தார். எங்கேஜ். மறுபடி அடித்தார். எங்கேஜ். 'எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தாங்க' என்று மனைவி சொன்னது காதில் கேட்டது. எழுந்து ஓடினார்.

லிப்ட் வரவில்லை. படிகளில் ஏறினார். வருஷக்கணக்காக நாற்காலியில் ஊறிய உடம்பு. முதல் மாடியிலேயே நாக்கு தள்ளியது. ஒரு பக்கச் செருப்பு கழன்று எங்கோ போனது. எதிரே ட்ரேயோடு வந்த நர்ஸிடம் வழி கேட்டார். அத்தனை வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கை காட்டினாள். "இடப்பக்கம் சார்." நல்லவேளை, வழி சொன்னது இவர் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "வலது இல்ல! இடது! இடது!" என்று கத்தினார். அசரீரிக்கு உடம்பு வந்ததை அங்கே யாரும் அதுவரை பார்த்ததில்லை. வேர்த்து வடிந்து, ஒற்றைச் செருப்போடு நின்றார்.

மூச்சு டாக்டர் நிமிரக்கூட இல்லை. "தெரியும் சார். இடப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்ல. ஸ்கேன் கருவி வெச்சும் பாத்துட்டேன்."

"நான் வலதுன்னு..."

"சொன்னீங்க. அதான் முதல்ல இடது பக்கம் பாத்தேன்."

அவமானப்படுத்துகிறாரா என்று யோசிக்க நேரமில்லை. "ஆளைத் திருப்பணும், ஒரு ஆள் குறையுது. காலைப் பிடிங்க" என்றார் டாக்டர்.

பிடித்தார். படுக்கையில் கிடந்தது யாரென்றே முதலில் அவருக்குப் புரியவில்லை. முகம் வீங்கி, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி, வாயில் குழாயோடு யாரோ மாதிரி இருந்தான். கையில் இருந்த காலைப் பார்த்தார். கட்டைவிரலில் நகம் இல்லை. அந்த நிமிஷம்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் எத்தனை நெஞ்சுகளைத் திரையில் பார்த்திருக்கிறார்! ஒன்றுக்காவது கால் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாரா?

"எந்தப் பக்கமா திருப்பறோம்?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று அசரீரி உதட்டைக் கடித்துக்கொண்டார். மூச்சு டாக்டர்தான் சொன்னார். எல்லோரும் சேர்ந்து மெதுவாகத் திருப்பினார்கள். இடது விலாவில் குழாய் இறங்கியது. கட்டிலுக்குக் கீழே இருந்த கண்ணாடிப் பாட்டிலின் தண்ணீரில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெளியேறியது. மானிட்டரில் எண் ஏறியது. நெஞ்சு ஏறி இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். காலை விடச் சொல்லி இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அவர் கால்களைப் பார்த்து, "செருப்பு எங்கங்க?" என்று மட்டும் கேட்டாள். திட்டு வாங்குவதே தேவலை என்றிருந்தது.

அன்றே மஞ்சள் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். தினமும் மாடியேறிப் போய்ப் பார்த்தார். திரையில் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, மிஷினின் வேலை குறைந்தது. ஒரு நாள் மச்சினனின் தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் வலப்பக்கம்னு சொல்லிட்டேன்டா."

"டாக்டர் சொன்னாங்க அத்தான்." குரல் கரகரவென்று, காற்றுதான் பாதி வந்தது. கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டான். "எனக்குக் குழாய் போடறதுக்கு முன்னாடி பயமா இருந்துச்சு. டாக்டர் பேச்சுக் கொடுத்தாங்க. கீழ படம் பாக்கறது எங்க அத்தான்தான்னு சொன்னேன். பீரோ கதையையும் சொன்னேன். அவர் வலதுன்னா நீங்க இடது பக்கமும் ஒரு தடவை பாத்துடுங்கன்னு சொல்லி வெச்சேன்."

அசரீரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது முதலில் வெளியே வருவது என்று தொண்டையில் முட்டிக்கொண்டன. மச்சினன் போர்வைக்குள்ளிருந்து காலை மெல்ல வெளியே நீட்டி விரல்களை ஆட்டிக் காட்டினான்.

"விடுங்க அத்தான். இன்னும் ஒம்பது நகம் இருக்கு."