ஒரு நம்பர், ஒரு ஆள்

மருத்துவமனையின் நோயாளிப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை பதிவாகியிருந்தார். அந்த இரட்டைப் பதிவுகளை ஒழிக்கும் ஒப்பந்தம் எங்கள் மென்பொருள் கம்பெனிக்கு வந்தது; எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அதுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

டேட்டாபேஸ் ஒன்றும் மந்திரமில்லை. அட்டவணைகள், அவ்வளவுதான். முதல் அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு எண். மற்ற அட்டவணைகள் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்கும்: ஒன்றில் வந்துபோன தேதி, ஒன்றில் கொடுத்த மருந்து, ஒன்றில் எந்த மருந்து ஆகாது என்பது. ஆளைத் தப்பாகப் பிடித்தால் எல்லாமே தப்பு.

ஆளை எதை வைத்துப் பிடிப்பது? பெயரை நம்ப முடியாது. பதிவு மேசையில் கைக்கு வந்தபடி அடித்திருந்தார்கள். வயதைப் பாதிப் பேர் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அதனால் நான் ஒரு விதி எழுதினேன்: போன் நம்பர், பாலினம், பெயரின் முதல் எழுத்து மூன்றும் ஒன்றானால் ஒரே ஆள். புதிய வரி இருக்கட்டும், பழையது போகட்டும். மூவாயிரத்துச் சொச்சம் வரிகள் அரை மணி நேரத்தில் ஒழிந்தன. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

இரண்டு வாரம் கழித்துச் சித்தியின் காலைத் தகரம் கிழித்துவிட்டது. அம்மா அவளை அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். சித்திக்குப் பென்சிலின் ஆகாது. முன்பொரு தடவை அதைப் போட்டுத் தொண்டை வீங்கி, பிழைத்ததே பெரிய பாடு. நர்ஸ் நம்பரைத் தட்டினாள். திரையில் வந்தது அம்மாவின் பதிவு. அக்கா தங்கை பெயருக்குக் கடைசி எழுத்துதான் வித்தியாசம், அவள் கவனிக்கவில்லை. மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டாள். சித்தி கையை இழுத்துக்கொண்டாளாம்.

“கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா.”

“ஊசி கம்ப்யூட்டருக்கா போடப்போற, எனக்கா?”

இதைப் போனில் சொல்லிவிட்டு அம்மா, “அவளுக்கு வாய் நீளம்னு திட்டுவோமே, அந்த வாய்தான்டி இன்னைக்கு அவளக் காப்பாத்துச்சு” என்றாள்.

அழிக்கும் முன் எடுத்துவைத்த பிரதியைத் திறந்து ஒப்பிட்டேன். சித்தியின் வரியை அழித்தது என் விதிதான். அவளுடைய பென்சிலின் குறிப்பு மட்டும் ஆளில்லாத எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வேலையில் இதற்கு அநாதை வரி என்று பெயர்.

சித்திக்குப் போன் கிடையாது. எங்கே கேட்டாலும் அம்மா நம்பரைத்தான் கொடுப்பாள். நான் வேலைக்கு வந்து ஒன்று வாங்கும்வரை எங்கள் வீட்டில் ஐந்து பெண்களுக்கு அந்த ஒரு போன்தான். என் கல்லூரி விண்ணப்பத்திலேயே அம்மா நம்பர்தான் இருக்கிறது. ஆளுக்கொரு போன் உள்ள வீட்டில் பிறந்தவன் இந்த விதியை எழுதியிருந்தால் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருப்பேன். எழுதியவள் நான்.

மேலாளர் பதறவில்லை. “அந்த ஒரு வரிய மட்டும் சரி பண்ணிடும்மா. மத்ததை யாரு கேக்கப்போறா?”

“மயக்கத்துல தூக்கிட்டு வந்தா யாரு சார் கேப்பாங்க?”

ஒப்பந்தம் போய்விடும், விதியில் உன் பெயர்தான் இருக்கிறது, முதல் வேலை வேறு என்று நல்லவர் மாதிரி எடுத்துச் சொன்னார். தப்புக்கு என் பெயரையே போடச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு நானே கடிதம் அனுப்பினேன்: திரையை நம்பாதீர்கள், ஊசிக்கு முன் வாயால் கேளுங்கள். அன்று மதியமே எல்லா வார்டுக்கும் தாளில் உத்தரவு போனது. மேலாளர் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

அழித்த வரிகளைத் திரும்பக் கொண்டுவந்து ஜோடி ஜோடியாகப் படித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பேரை வேறொருவராக ஆக்கியிருந்தேன். அவர்களில் பதினேழு பேருக்கு ஏதோ ஒரு மருந்து ஆகாது. மருத்துவமனை கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, யார் பேசுகிறீர்கள், இந்த நம்பரில் இன்னும் யார் யார் என்று விசாரித்தேன்.

அந்தப் பதினேழில் பதினைந்து பேர் நலம். இரண்டு நம்பர்களில் இன்னும் யாரும் எடுக்கவில்லை.