அசையாத வல்லிபுரம்

1987இல், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ஓய்வுபெற்ற ரயில்வே கிளார்க் வல்லிபுரம் தன் மகளின் கண்ணுக்குத் தெரியாமல் போனார். அந்த வருஷம் மீன் விலையும் ஏறியிருந்தது.

மகள் சிவமலர் டாக்டர். ரத்தக்குழாய்களை எக்ஸ்ரே கதிரால் கம்ப்யூட்டரில் படம்பிடிக்கும் புது வித்தையை ஆஸ்பத்திரியில் படித்துக்கொண்டிருந்தாள். குழாயில் மருந்து ஏற்றுமுன் ஒரு படம், ஏற்றியபின் ஒரு படம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கம்ப்யூட்டர் கழித்துவிடும். மாறாத எலும்பெல்லாம் ஒழிந்து, மருந்து ஓடிய குழாய் மட்டும் மிஞ்சும். ஆனால் நோயாளி இம்மியும் அசையக் கூடாது. வல்லிபுரத்துக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. பெண்பிள்ளைக்குக் கதிர் வேலை ஆகாது, மாப்பிள்ளை அமையாது என்று தினமும் அதே நாற்காலியில், அதே சொற்களில் சொல்வார்.

அவள் வீட்டிலும் விடாப்பிடியாகப் பழகினாள். ஒருமுறை பார்ப்பாள், கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்ப்பாள், மனதுக்குள் கழிப்பாள். ஒரு சனிக்கிழமை அப்படிக் கழித்தபோது நாற்காலி போனது, அப்பாவும் போனார், காப்பியின் ஆவி மட்டும் அந்தரத்தில் நின்றது. அம்மா தங்கரத்தினம், கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே தனக்கும் அவர் தெரியாமல் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தாள்.

சிவமலர் இன்னும் உற்றுப் பார்த்தாள். ஓடிக்கொண்டேயிருந்த அப்பாவின் ரத்தம் மட்டும், குழாய் குழாயாகச் சிவந்து, அங்கே உட்கார்ந்திருந்தது. இடது முழங்காலுக்குமேல் அது நின்றுபோயிருந்தது. வயசு என்று அவர் சமாளித்த நொண்டலுக்குக் காரணம் அதுதான். கால் போய்விடுமே என்று அவளுக்குப் பயம் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"நான் படிப்பை விடமாட்டன் அப்பா. கால் வேணுமெண்டால் என்ர மேசையிலை வந்து படுங்கோ."

"உந்த மெஷினிலை நான் ஏறமாட்டன்."

அவளும் அவர் மகள்தானே. எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, தினமும் அதே சேலையில் உட்கார்ந்து அதையே சொன்னாள். மாதக் கடைசியில் அவள் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். வல்லிபுரம் வாழ்க்கையில் முதன்முறையாகப் பதறினார்.

"பிள்ளை, எங்கை இருக்கிறாய்?"

"எழும்பி வாருங்கோ, தெரியும்."

நொண்டிக்கொண்டே எழுந்து வந்தார். இடம் மாறியதும் அவள் தெரிந்தாள், அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் மேசையில் படுத்தார். ஆயுள் முழுக்க அசையாமல் இருந்து பழகியவர் என்பதால், அந்த மெஷினில் அவ்வளவு துல்லியமான படம் அதுவரை விழுந்ததில்லை. அவள் கண்ட இடத்தில்தான் அடைப்பு இருந்தது. சிறு பலூனை உள்ளே விட்டு ஊதித் திறந்தார்கள்.

கதிர் வேலை ஆகாது என்பதை வல்லிபுரம் சாகும்வரை விடவில்லை, அவளும் வேலையை விடவில்லை. ஆனால் தினமும் காலையில் அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்துகொண்டே அதைச் சொன்னார். அதனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் யார் கண்ணுக்கும் மறையவில்லை.