ஆத்தாளிடம் டவருக்குப் பூக் கேட்டது

கருமத்தம்பட்டியிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் ஊர். இங்கே எல்லோரிடமும் போன் இருக்கிறது, மலிவான டேட்டாவும் இருக்கிறது. சிக்னல் மட்டும் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருக்கிறது. தோளில் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு, ஐந்து மாத வயிற்றோடு, தினமும் நாற்பத்திரண்டு படி ஏறி வேலை பார்க்கிற மருமகள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். அடுத்த மாதமும் ஆபீஸ் போன் கால் பாதியில் அறுந்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

டவர் வைக்க ஒரு கம்பெனி தயாராகத்தான் இருந்தது. கோயில் நிலத்தைக் கேட்டார்கள். குறுக்கே விழுந்தவர் என் மாமனார் மருதாசலம்.

"டவர் வந்தா தென்னையில குரும்பை நிக்காதுங்க. நானிருக்கற வரைக்கும் உடமாட்டேன்" என்று ஊர்க் கூட்டத்தில் முழங்கிவிட்டார். சொன்ன சொல்லை அவர் திருப்பி வாங்கி யாரும் பார்த்ததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் காப்பிக்குச் சர்க்கரை போடுவதையே நிறுத்தினேன். சர்க்கரை வியாதிக்காரர், மருமகளுக்கு எவ்வளவு அக்கறை என்று ஊரெல்லாம் பெருமை பேசினார்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியாவிட்டால் வேறு ஊர் பார்ப்பதாகக் கம்பெனி சொன்னது. சரி, மாரியாத்தாளிடமே பூக் கேட்டுவிடலாம் என்று பேசி முடித்தார்கள். இரண்டு இலைப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் செவ்வரளி. பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம், சிவப்பு வந்தால் அத்தோடு சரி. பொட்டலம் கட்டித் தருவது எங்கள் வீட்டு முறை.

வெள்ளிக்கிழமை காலை மாமனார் குளிக்கப் போனதும் சாமியறைக்குள் புகுந்தேன். முந்தானையில் ஒரு வெள்ளை அரளியை முடிந்து வைத்திருந்தேன். சிவப்பை எடுத்துவிட்டு இதை வைத்துவிடுவதாகத் திட்டம். முதல் பொட்டலத்தைப் பிரித்தேன், வெள்ளை. இரண்டாவதைப் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

எனக்கு முந்திக்கொண்டது யார்? துபாயிலிருக்கும் மகளை வீடியோவில் பார்க்க ஏங்குகிற மாமியார் கருப்பாத்தாள்தான் என்று நினைத்தேன். இருந்தபடியே கட்டி வைத்துவிட்டு வந்தேன்.

கோயிலில் பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பங்காளி தம்பிதுரை மட்டும், "அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துப்போடலாமுங்க" என்றார்.

மாமியாரைப் பார்த்தேன், நிம்மதியாகக் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து நின்றவர் மாமனார். பொட்டலத்தை வெடுக்கென்று எடுத்து வேட்டி மடிப்பில் செருகினார்.

"ஏனுங்க தம்பிதுரை, ஆத்தா சொன்ன பொறகும் சாட்சி கேக்கறீங்களா? நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன். உத்தரவாயிருச்சு, நானென்ன பண்றது."

தம்பிதுரையும் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது மாமனார் பக்கத்தில் நடந்தேன். "குரும்பை உதுந்துபோச்சுன்னா என்னங்க மாமா பண்றது?"

"உதுந்தா உதுருது." வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்தத் தொட்டி ஏணியில பதினேழாவது படி ஆடுது கண்ணு. ஏறிப் பாத்தேன்."

முட்டிவலிக்காரர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையை அவிழ்த்து என் வெள்ளை அரளியை அவர் கையில் வைத்தேன். பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதையும் வேட்டி மடிப்பிலேயே செருகிக்கொண்டார்.

"இன்னிக்காச்சும் காப்பியில அரைக் கரண்டி சக்கரை போடு அம்மணி" என்றார். "கோவந்தான் தீந்துபோச்சில்ல."