நொட்டாங்கைக் கத்தி

மழை நின்ற பிறகும் அந்த மரம் பெய்துகொண்டிருக்கும்.

வானம் வெளுத்துவிடும். வரப்பில் வெயில் வந்து உட்கார்ந்துவிடும். கிணற்றடி மாமரத்துக்குக் கீழே மட்டும் இன்னும் அரைமணி நேரம் சொட்டும். தலையில் ஒன்று. தோளில் ஒன்று. நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்குள்ளேயே ஒன்று.

அதற்கென்றே போய் நிற்பாள் போதும்பொண்ணு. நாற்பத்தாறு வயதுக்காரி. பெரியகுளத்துப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவள். குடை இருந்தும் நனைகிறவள்.

மூன்று பெண்ணுக்குப் பிறகு நாலாவதும் பெண். போதும் சாமி என்று வைத்த பேர் அது. அடுத்தது பையன் பிறந்தான், தவசி. பேர் பலித்துவிட்டது என்று ஊரே மெச்சியது. பேரைச் சுமந்தவளை யார் மெச்சினார்கள்? தம்பியையும் அவள் இடுப்பில்தான் ஏற்றிவிட்டார்கள்.

இடது இடுப்பில். அவளுக்கு நொட்டாங்கை. எடுக்கிறது, பிடிக்கிறது, அறுக்கிறது எல்லாம் இடது கைதான்.

அந்தக் கைக்குத்தான் எத்தனை ஏச்சு! அந்தக் கையால் கொடுக்காதே. அந்தக் கையால் வாங்காதே. நாலு பேர் முன்னால் அந்தக் கையை நீட்டாதே. ஆத்தா கரண்டியைத் திருப்பி முட்டியில் அடித்து அடித்து, சோறு தின்கிறதை மட்டும் வலது கைக்கு மாற்றினாள். மற்றதெல்லாம் மாறவில்லை.

பிறகு ஒரு நாள் அந்தக் கைக்கும் மரியாதை வந்தது.

வைகாசி மாதம், பதிவு அலுவலகத்தில். அப்பன் விட்டுப்போன தோப்பில் எங்களுக்குப் பங்கு வேண்டாம், தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று பெண்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம். மூன்று அக்காமாரும் ரேகை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். இவள் பதறிப்போய் வலது கையை நீட்டினாள்.

"அது இல்லம்மா. இடது கை. இடது கைப் பெருவிரல்" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

போதும்பொண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கையை அன்றைக்குக் கேட்டார்கள். கொடுத்துவிட்டாள்.

சும்மா கொடுக்கவில்லை. முதல் நாளே தம்பியிடம் கேட்டிருந்தாள். தோப்பெல்லாம் நீ வைத்துக்கொள், கிணற்றடி மரம் ஒன்று மட்டும் எனக்கு வேண்டும் என்று. தோட்டத்தில் வேறெந்த மரத்தோடும் சேராத மரம் அது. யார் வைத்ததோ, என்ன சாதியோ, பேர் கிடையாது. காயில் புளிக்காது, கனியில் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்புக்காகவே அவள் அதைத் தின்பாள்.

"அது உனக்குத்தான்க்கா. அதப் போயிக் காகிதத்துல எழுதணுமா என்ன? நான் சொல்றேன்ல்ல" என்றான் தவசி. தம்பி சொன்னான், அவள் கேட்டுக்கொண்டாள்.

ரேகை வைத்துவிட்டு வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில் வைத்துத்தான் தவசி ஒரு கத்தியை எடுத்தான்.

தவசி கப்பலில் சமையல்காரன். ஜெர்மனியில் ஒரு துறைமுகத்தில் வாங்கினானாம். ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கென்றே செய்கிற மடக்குக் கத்தி. இரண்டு பக்கமும் சிவப்புத் தகடு, உள்ளே மடங்கிப் படுத்திருந்த அலகு.

"கீழ வைடா. கத்தியக் கைல குடுக்கக்கூடாது. சண்டை வரும்."

"இன்னுமாக்கா இதையெல்லாம் நம்புற?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். பெருவிரலில் மை காயவில்லை. சிவப்புத் தகட்டில் நீலமாக ஒரு ரேகை விழுந்தது.

நல்ல கத்தி. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அலகைத் திறந்தால் டக்கென்று நிற்கும். மடக்கினால் டக்கென்று அடங்கும். அந்தச் சத்தத்துக்காகவே வேலையில்லாத நேரத்திலும் திறந்து திறந்து மூடுவாள்.

பூட்டு மட்டும் கிடையாது. முதுகில் ஒரு வில்லுத் தகடு இருக்கிறது, அதன் பிடிமானத்தில்தான் அலகு நிற்கிறது. வெட்டுகிற வாய்ப் பக்கம் எத்தனை அழுத்தினாலும் தாங்கும். முதுகுப் பக்கம் அழுத்தினால் மடங்கி வந்து பிடித்த விரலையே கடிக்கும். தெரிந்து பிடிக்க வேண்டிய கத்தி.

ஆனால் அது வலது கைக்காரருக்குச் செய்தது.

ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை. மறுபக்கம் தட்டை. அப்போதுதான் வெட்டு பலகை மாதிரி வரும், வேர்க்கன்றும் அதில் கட்டுகிற ஒட்டுக்குச்சியும் இடைவெளி இல்லாமல் சேரும். இடது கையில் அதைப் பிடித்தால் வெட்டு குழிந்துபோகிறது. குழிந்த வெட்டில் ஒட்டுப் பிடிக்காது. அலகைத் திறக்க நகம் பதிக்கிற சின்னப் பள்ளமும் அவளுக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்தது.

அந்தக் கடையில் இடது கைக் கத்தியும் இருந்திருக்கும். இவன் கேட்டிருக்க மாட்டான். அவள் இடுப்பிலேயே வளர்ந்தவனுக்கு அவள் எந்தக் கைக்காரி என்று நினைவில்லை. அன்றைக்கே அவளுக்கு அது சுருக்கென்றது. போகட்டும், கப்பல்காரனுக்கு ஆயிரம் வேலை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

பிறகு அந்தக் கத்தியைத் தன் கைக்கு மாற்ற உட்கார்ந்தாள்.

ஆடியில் ஆரம்பித்தாள். வெளியே சாரல். சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, தட்டையாக இருந்த பக்கத்தைச் சரிவாக்கினாள், சரிவாக இருந்த பக்கத்தைத் தட்டையாக்கினாள். அந்த ஊர் இரும்பு லேசில் மசியுமா? ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை. விரல் நுனி மரத்துப்போனது. கல் நடுவில் பள்ளம் விழுந்தது. அவள் விடவில்லை.

கல்லின் விளிம்பிலேயே தேய்த்துத் தேய்த்துத் தன் பக்கம் ஒரு நகப் பள்ளம் உண்டாக்கினாள். அதற்கு ஒரு மாதம். உள்ளங்கையைக் குத்திய மூலைகளை அரம் போட்டு உருட்டினாள். அதற்கு ஒரு வாரம்.

அந்த ஆடிக் காற்றில் கிணற்றடி மரத்தின் கிளை ஒன்று முறிந்தது. சிவப்புத் தகடுகளைக் கழற்றிவிட்டு அந்தக் கிளையிலிருந்து இரண்டு சில்லு இழைத்துப் பொருத்தினாள். பித்தளைக் கம்பியை ஆணியாக்கி அடித்தாள். உப்புத்தாள் போட்டாள். இலுப்பெண்ணெய் ஊற ஊறத் தேய்த்தாள். மரம் தேன் நிறத்துக்கு வந்தது.

ஐப்பசியில் முடிந்தது. முதல் வெட்டிலேயே குச்சி கண்ணாடியாக வந்தது. அன்றைக்குக் கட்டிய நூறு ஒட்டில் தொண்ணூற்றாறு பிடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கைக்கென்று ஒரு பொருள். அவள் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மரத்தடியில் நின்று கத்தியைத் திறந்தாள், மூடினாள், டக், டக். தலைக்கு மேலே இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

அடுத்த ஆவணியில் தோப்பைச் சுற்றிச் சிவப்பு மை அடித்த கல் முளைத்தது.

மனையாகப் போகிறது என்றார்கள். அவள் தவசிக்குப் போன் போட்டாள். கடல் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "வித்தாச்சுக்கா. ஆனா மரத்த இப்பத் தொடமாட்டாங்க. பதினஞ்சு இருவது நாளாகும். நீ ஏன் கெடந்து தவிக்கிற?"

மரம் உனக்குத்தான் என்றாயே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பதினைந்து நாள் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். மரம் போனாலும் அதன் பிள்ளைகள் இருக்குமே.

ஒட்டுக்குச்சியை எடுத்த எடுப்பில் வெட்டக்கூடாது. வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னால் இலையை மட்டும் நறுக்கிவிட்டுக் காம்பை விட வேண்டும். அப்போதுதான் நுனி மொட்டு வீங்கும். வீங்கிய மொட்டுதான் பிடிக்கும். இருபது வருஷமாக அவள் கண்ட தொழில் அது.

மரத்தில் ஏறி, முப்பது நுனியில் இலை நறுக்கினாள். மரத்தின் எலும்பில் செய்த பிடி, மரத்தின் பாலில் பிசுபிசுத்தது. இறங்கினாள். நாட்களை எண்ணினாள்.

எட்டாம் நாள் மரம் விழுந்தது.

அவள் பண்ணையில் இருந்தாள். சேதி கேட்டு ஓடினாள். அடிமரம் லாரியில் போயிருந்தது. பொக்லைன் வேரைப் பிடுங்கிப் புரட்டியிருந்தது. கிளைகளைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள், பச்சை மரம் நுரை தள்ளிக்கொண்டு எரிந்தது. அவள் இலை நறுக்கிய நுனிகள் அதற்குள்ளே இருந்தன.

சூட்டில் கையை விட்டு நாலு குச்சியை இழுத்தாள். அன்றைக்கே ஒட்டுக் கட்டினாள். பன்னிரண்டாம் நாள் நாலும் கறுத்தது.

முதல் நாளே வெட்டியிருந்தால் மொட்டு வீங்காவிட்டாலும் முப்பதில் நாலு குச்சியாவது பிடித்திருக்கும். தொழில் தெரியாத எவளாவது வெட்டியிருப்பாள். இவளுக்குத் தொழில் தெரியும். தொழில் சுத்தம் பார்த்தாள். மரத்தை இழந்தாள். தம்பி மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த ஆத்திரம்தான் அவளைத் தின்றது.

இப்போது அந்த மரத்தில் மிச்சம் இரண்டு சில்லு. கத்தியின் இரண்டு பக்கம். ஆயிரம் மரத்துக்கு ஒட்டுக் கட்டிய கைக்குள் இருக்கிற அந்த மரத்துக்கு இனி ஒட்டுக் கட்ட முடியாது.

ஐப்பசியில் தவசி வந்தான்.

ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். சேலை வாங்கி வந்திருந்தான். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள், அவனைக் கண்டதும் அவளுக்கும் நெஞ்சு ஆடத்தான் செய்தது. மரத்தைப் பற்றி ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் மாடத்தில் இருந்த கத்தியைப் பார்த்தான்.

"நான் குடுத்த கத்திதான இது? சோக்கா மாத்தியிருக்கியே!" என்று எடுத்தான். ஆப்பிளை நறுக்கினான். வலது கையில் அலகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. "என்னக்கா, மழுங்கிருச்சா?"

"மழுங்கல. உன் கைக்கு வெட்டாது."

அவன் கேட்கவில்லை. கத்தியைத் திருப்பி, நுனியால் குத்தி நெம்பினான். முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தது. டக். அலகு மடங்கிச் சுட்டுவிரலைக் கடித்தது. ஆப்பிளில் ரத்தம் சொட்டியது.

"அதுக்குப் பூட்டு இல்லடா" என்றாள். மஞ்சள் எடுக்க எழுந்தாள். அதற்குள் அவன் வந்த காரியத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான், விரலைச் சூப்பிக்கொண்டே.

பத்திரத்தில் ஒரு தப்பு. கிணற்றடித் துண்டின் சர்வே நம்பர் விட்டுப்போயிருக்கிறது. அந்தத் துண்டு மட்டும் இன்னும் எல்லார் பேரிலும் நிற்கிறது. வாங்கினவர் நெருக்குகிறார். மூன்று அக்காவும் திருத்தத்துக்கு ரேகை வைத்துவிட்டார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்து கைய நீட்டுனாப் போதும்க்கா."

போதும். அந்தச் சொல்லை அவள் பிறந்த அன்றைக்கே கேட்டுவிட்டாள். மஞ்சள் டப்பாவை மூடி வைத்தாள்.

"இந்தக் கைய நீட்டாத நீட்டாதன்னுதானடா எல்லாரும் என்னைய வளத்தீங்க? வளந்துட்டேன். நீட்டமாட்டேன்."

அவன் முகம் கறுத்தது. "ஒத்தை மரத்துக்காக்கா இம்புட்டு?"

"ஒத்தை மரந்தானடா நான் கேட்டது."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிறகு அவன் எழுந்தான். எழுந்தவன் கையில் கத்தி இருந்தது. அவளிடம் நீட்டினான்.

"கீழ வை" என்றாள்.

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. குனிந்து தரையில் வைத்துவிட்டுப் போனான். அவன் தெரு திரும்பும்வரை பார்த்துவிட்டு, இடது கையால் அதை எடுத்தாள்.

கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு மழையோடு மழையாக நடந்தாள். கிணற்றடித் துண்டு அப்படியே இருந்தது. தாளில் அவள் பேரும் சேர்ந்து நிற்கிற நிலம். அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அதில் இருந்தது ஒரு குழி. குழி நிறையச் செந்தண்ணீர்.

விளிம்பில் நின்றாள். நனைந்தாள்.

மழை நின்றது. வானம் வெளுத்தது. வரப்பில் வெயில் வந்து உட்கார்ந்தது. பழக்கத்தில் தலையை நிமிர்த்தி, கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

ஒன்றும் சொட்டவில்லை. மழை நின்றால் இப்போது நின்றுவிடுகிறது.